தெய்வானையக்கா தாழ்த்திய வண்டி

செய்தி காரில் வந்தது. அந்த வண்டி எங்கள் தெருவில் நுழைந்தால் முதலில் ஹாரன் கேட்கும், பிறகு கோழிகள் ஓடும். அன்று காலை ஹாரன் இல்லை. ஓட்டுநர் பழனிச்சாமி அண்ணன் எங்கள் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்காமலே உட்கார்ந்திருந்தார். அம்மா வெளியே போய், "ஏனுங்க, யாரைக் கொண்டு போகோணும்?" என்று கேட்டாள்.

"யாரையும் இல்லீங்க. அக்கா போயிட்டாங்க."

முந்தின நாள் மாலை எங்கள் வீட்டில் உட்கார்ந்து சிரித்துவிட்டுப் போனவர் தெய்வானையக்கா. காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அடுப்படியில் சாய்ந்தார், எழவில்லை. ஊரில் எத்தனையோ பேரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்த்த வண்டி அவர் வாசலிலேயே நின்றிருக்கிறது. அவரை ஏற்றத்தான் நேரம் இல்லாமல் போய்விட்டது.

பாலக்காட்டுச் சித்தூரை அடுத்த பெருமாட்டிப் பக்கத்தில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. இதைப் படிக்கிற பெண்களில் பலர் அவருடைய வாடகைக் காரில் பிரசவத்துக்குப் போனவர்கள். அவர் கணவர் இறந்தபோது காரை விற்றுவிடும்படி எல்லாரும் சொன்னார்கள். "ஓட்டத் தெரியாத பொம்பளைக்குக் கார் எதுக்கு?" என்று கொழுந்தனார் கேட்டாராம். "எருமைகூடத்தான் வெச்சிருக்கறேன். அதும்மேல ஏறியா போறேன்? ஆள் வெச்சு மேய்க்கறதில்லையா?" என்று அக்கா பதில் சொன்னதை ஊரே சொல்லிச் சிரித்தது.

அந்தப் பழைய வண்டி முன்பு மிகவும் உயரம். ஏறுவதற்கு முதலில் படிப்பலகையில் கால் வைத்து, பிறகு எக்கி உள்ளே போக வேண்டும். கிழக்குத் தோட்டத்துப் பெண் ஒருத்தி வலி கண்ட நேரத்தில் அப்படி ஏறும்போது கால் வழுக்கி விழுந்தாள். அவள் பிழைத்தாள். குழந்தை தங்கவில்லை. மறுநாளே அக்கா பழனிச்சாமி அண்ணனைக் கூப்பிட்டு, "இந்த வண்டி ஒசரத்தைக் கொறைச்சுப் போடு. ஏறற பக்கம் நல்லாத் தாழோணும்" என்றார்.

காரைத் தாங்கும் ஸ்பிரிங் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய இரும்புப் பட்டைகள். அவற்றில் சிலவற்றை உருவிவிட்டால் வண்டி தாழும். பழனிச்சாமி அண்ணன் அப்படியே செய்தார். ஏறுவது இடப்பக்கம் என்பதால் அந்தப் பக்கத்தில் கூடுதலாக உருவினார். வண்டி மணைப்பலகைபோல் தாழ்ந்தது. பெண்கள் திரும்பி உட்கார்ந்து காலை உள்ளே எடுத்துக்கொண்டால் போதும் என்று ஆனது.

ஆனால் வண்டி நேராகப் போக மறுத்தது. எப்போதும் இடப்பக்கம் இழுத்தது. சித்தூருக்குப் போகும் சாலையில் இடப்பக்கம் என்றால் வாய்க்கால்.

பழனிச்சாமி அண்ணன் இதற்கு ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார். பருத்த ஆட்களையெல்லாம் வலப்பக்கம் உட்கார வைத்தார். "செட்டியாரே, நீங்க இக்கட்டால வாங்க. நீங்க அக்கட்டால உக்காந்தா நாம எல்லாரும் தண்ணிக்குள்ளதான்" என்று ஒருநாள் நடுத்தெருவில் வைத்துச் சொல்லிவிட, மளிகைக்கடைச் செட்டியார் கோபித்துக்கொண்டு நடந்தே சந்தைக்குப் போனார். இந்த வைத்தியமும் நீடிக்கவில்லை. ஒரு மழை நாளில் முன்சக்கரம் வாய்க்கால் கரையைத் தொட்டு, மண் சரிந்து தண்ணீரில் விழுந்தது. அக்கா அப்போது வண்டிக்குள் இருந்தார். வீடு வந்ததும், "சரியாகற வரைக்கும் இதுல யாரையும் ஏத்தக் கூடாது" என்றார்.

எங்கள் வீட்டில் அது பெரிய கவலையாயிற்று. என் தமக்கை சரசு பேறுகாலத்துக்கு வந்திருந்தாள். குழந்தை குறுக்கே கிடக்கிறது, வலி கண்டதும் பாலக்காட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட வேண்டும் என்று மருத்துவச்சி சொல்லியிருந்தாள். மாட்டு வண்டியில் போனால் வழியிலேயே எல்லாம் முடிந்துவிடும். எங்கள் பக்கத்தில் வேறு கார் கிடையாது.

அக்கா வண்டியைச் சித்தூரில் பட்டறை வைத்திருந்த காசிம் ராவுத்தரிடம் கொண்டுபோனார். ராவுத்தர் குனிந்து பார்த்ததுமே சத்தம் போட்டார். "ஒரு பக்கம் மட்டும் பட்டையை உருவின புத்திசாலி யாருப்பா?" பழனிச்சாமி அண்ணன் தரையைப் பார்த்தார். அக்கா முன்னால் வந்து, "நாந்தான் சொன்னேனுங்க ராவுத்தரண்ணா. தப்பு என்னுது. அவனை வைய வேண்டாம்" என்றார். நாலு ஆண்கள் நின்று கேட்கும் இடத்தில் அப்படிச் சொல்லும் முதலாளியை அதற்கு முன் தான் பார்த்ததில்லை என்று பழனிச்சாமி அண்ணன் எங்களிடம் சொன்னார்.

"எல்லாப் பட்டையையும் திருப்பிப் போட்டுரலாம் தங்கச்சி. ஒசரத்துல நேராப் போகும்" என்றார் ராவுத்தர்.

"வண்டி நேராப் போகுமுங்க. ஏறறவ விழுவாளே."

ராவுத்தர் உயரத்தைக் கூட்டாமலே இரண்டு பக்கமும் பட்டைகளைச் சமமாக்கினார். டயரில் சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டு, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நூல் பிடித்துச் சக்கரங்களை நேராக்கினார். வண்டி ஊர்வரை அம்பு மாதிரி வந்தது. மறுநாள் அக்கம்பக்கத்தார் தைரியமாக ஏறி உட்கார்ந்தார்கள், பழையபடி இழுத்தது. திரும்பவும் பட்டறை, திரும்பவும் நூல். "என் நூல் பொய் சொல்லாது தங்கச்சி. உங்க ரோடுதான் கோணல்" என்று ராவுத்தர் கையைத் துடைத்துக்கொண்டார்.

அக்கா அதோடு விடவில்லை. வாய்க்கால் இல்லாத காட்டுப் பாதையில் வண்டியை மெதுவாக ஓட்டச் சொல்லி, எங்கள் தெருப் பெண்களை ஏற்றினார். இடம் நிரப்ப ஆள் வேண்டும் என்று என்னையும் ஏற்றினார். இறங்கியதும் ஒவ்வொருவரையும் கேட்டார். "உனக்கு என்னாச்சு? எப்ப சாஞ்சே?" ஒருத்தி தலை சுற்றியது என்றாள், ஒருத்தி பெட்ரோல் நாற்றம் என்றாள். கடைசியில் என்னிடம் வந்தார். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டு, வீட்டுக்குள்ளேயே இருந்து பழகியவள் நான். யாராவது ஏதாவது கேட்டால் அம்மாவே பதில் சொல்லிவிடுவாள். அன்றும் அம்மா வாயெடுத்தாள். "அவளைத்தான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு அக்கா அங்கேயே நின்றார். வெயிலில் முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு, அவசரமே இல்லாதவர்போல் நின்றார்.

"அண்ணன் ஸ்டியரிங்கைத் திருப்பவே இல்லீங்க. பள்ளத்துல வண்டி குனியறப்பெல்லாம் தானா அக்கட்டால போகுது" என்றேன்.

அக்கா குனிந்து முன்சக்கரத்தைப் பார்த்தார். "ஆள் ஏறாத வண்டி குனியறதில்ல. ராவுத்தர் வெறும் வண்டியைத்தானே அளந்தாரு? வெறும் வண்டிக்கு வாடகை எவன் குடுப்பான்? குனிஞ்சு நிக்கற வண்டியை அளக்கோணும்" என்றார்.

அடுத்து நடந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். கார் வெறுமையாக முன்னே போக, அதில் உட்கார வேண்டிய பெண்கள் நாங்கள் மாட்டு வண்டியில் பின்னே போனோம். ராவுத்தர் மிரண்டு போனார்.

"நெல்லு மூட்டையை ஏத்திக்கலாமே தங்கச்சி! பொம்பளைகளை எதுக்கு பட்டறைக்குக் கூட்டிட்டு வந்தே?"

"மூட்டை வெச்ச எடத்துல கெடக்குமுங்க. நாங்க கெடப்பமா?"

ராவுத்தர் வேலையாட்களை வெளியே அனுப்பி, வாசலில் சாக்குப் படுதாவைத் தொங்கவிட்டார். நாங்கள் நெருக்கி உட்கார்ந்தோம். அவர் வண்டிக்கு அடியில் போனதும் உள்ளே சிரிப்பு கிளம்பியது. "அசையாதீங்கம்மா, நூல் ஆடுது" என்று கீழிருந்து குரல் வந்தது. "மூச்சு வுடலாமுங்களா ராவுத்தரே?" என்று யாரோ கேட்டார்கள். "மெதுவா வுடுங்க" என்றார். அதற்குப் பிறகு சிரிப்பு நிற்கவே இல்லை. திடீரென்று கீழே அவர், "அட, இதானா!" என்றார்.

ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பி முன்பு மட்டமாகப் படுத்திருந்ததாம். வண்டியைத் தாழ்த்தியதும் அது சாய்ந்துவிட்டது. ஆள் ஏறி வண்டி குனியும்போது இன்னும் சாய்ந்து, யாரும் திருப்பாமலே சக்கரத்தை இழுத்தது. ராவுத்தர் அந்தக் கம்பி போய்ச் சேரும் இரும்புக் கையைக் கழற்றி, உலையில் காய்ச்சி வளைத்து, கம்பி மறுபடி படுக்கும்படி பூட்டினார். பிறகு எங்களை உட்காரவைத்தே சக்கரங்களை நேர்பிடித்தார்.

திரும்பும்போது நாங்கள் காரில் ஏறப் போனோம். அக்கா தடுத்தார். "பூட்டுனவங்க மொதல்ல உக்காரட்டும்." ராவுத்தரையும் அவர் வேலையாட்களையும் ஏற்றி, தானும் முன்சீட்டில் உட்கார்ந்து, வாய்க்கால் சாலையில் போய்த் திரும்பி வந்தார். வந்து இறங்கிய ராவுத்தரின் முகத்தில் வியர்வையும் சிரிப்பும் சேர்ந்திருந்தன. "போகலாம் தங்கச்சி. கையை வுட்டாலும் நேராப் போகுது" என்றார்.

சரசுவுக்குச் சந்தை நாள் மத்தியானம் வலி கண்டது. வண்டி வந்தது. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள், யாரும் தூக்க வேண்டியிருக்கவில்லை. வாய்க்கால் வளைவில் எதிரே வைக்கோல் வண்டிகள் வரிசையாக வந்தன. பழனிச்சாமி அண்ணன் கரையோரமாக ஒதுங்கினார். சக்கரம் விளிம்பை ஒட்டிப் போவது எனக்கு ஜன்னல் வழியே தெரிந்தது. சரசு என் கையை நெரித்தாள். அக்கா முன்சீட்டிலிருந்து திரும்பாமலே, "வாய்க்காலைப் பாக்காதே சரசு. அது அதும்பாட்டுக்குப் போகும், நாம நம்மபாட்டுக்குப் போவோம்" என்றார். வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறியது, கோடு விலகவில்லை. பாலக்காட்டில் வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். இன்னும் தாமதித்திருந்தால் இருவருமே இல்லை என்று டாக்டர் சொன்னார். அந்தப் பெண்குழந்தை இப்போது எங்கள் வீட்டில் எதைப் பிடித்து எழலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறது.

அக்காவின் கருமாதி முடிந்த அன்று வண்டி கொழுந்தனார் கைக்கு வந்தது. வண்டன்மேட்டு மலைக்குப் போகும் ஏலக்காய் வியாபாரிகளுக்கு வாடகைக்கு விடலாம், மலை ரோட்டில் அடி தட்டும், அதனால் பட்டைகளைப் போட்டு உயர்த்தப் போகிறேன் என்று பந்தலில் சொன்னார். ஆண்கள் தலையாட்டினார்கள். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மாமா" என்று கூப்பிட்டேன். எல்லாரும் திரும்பினார்கள். "ஒரு கொடம் தண்ணியை வயித்துல கட்டிக்கிட்டு, அந்தப் பழைய ஒசரத்துல ஒருக்கா ஏறிப் பாருங்க. அதுக்கப்புறம் ஒசத்துங்க."

பழனிச்சாமி அண்ணன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். வண்டி இன்றுவரை தாழ்ந்துதான் நிற்கிறது. நாளை என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது.

எல்லாரும் திரும்பியதும் என் கண் அம்மாவைத்தான் தேடியது. ஆனாலும் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கும்வரை உள்ளே ஓடவில்லை. தெய்வானையக்காவிடமிருந்து நான் எடுத்துவைத்துக்கொண்டது அது ஒன்றுதான்.