கழிவுமேட்டில் கிடைக்காத கல்

ஆஸ்திரேலியச் சுரங்க ஊரான பிரோக்கன் ஹில்லில் மாலை ஆறே முக்காலுக்குச் சுரங்கத்தில் வெடி வைப்பார்கள். பூமிக்கடியிலிருந்து ஓர் உதை வரும், ஜன்னல்கள் அதிரும். இல்மா பாஸ்கோவின் வீட்டில் கூடுதலாக ஒன்று நடக்கும். கண்ணாடி அலமாரியிலுள்ள நூற்றுப்பத்துக் கற்களில் ஒன்று மட்டும் விளிம்பை நோக்கி ஒரு விரற்கடை நகர்ந்திருக்கும். அடியில் துணி வைத்துப் பார்த்தாள், மெழுகு வைத்துப் பார்த்தாள். ஏறக்குறைய நாற்பது வருடமாக அதைப் பின்னுக்குத் தள்ளி வைக்கிறாள்.

அந்தக் கல்லில், கரிய ஈயத்தாதின் மேல் மாதுளை முத்துப்போலச் சிவந்த படிகங்கள். அதன் சீட்டில் கணவன் மெர்வுடைய கையெழுத்து: "கழிவுமேடு, 1968."

அந்த வருடம்தான் அவள் தம்பி கிளாரி, மெர்வோடு வேலை செய்த இடத்தில் பாறை சரிந்து செத்தான். மறுவருடம் அவள் மெர்வைக் கட்டிக்கொண்டாள்.

சுரங்கக் கழிவைக் கொட்டும் மேட்டில் பொறுக்கிய கல் முனை மழுங்கித்தான் இருக்கும். இதில் ஒரு முனைகூட உடையவில்லை. முப்பது வருடம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக நோயாளிகளின் உடம்பு துடைத்தவளுக்குக் காயம் இல்லாததும் கண்ணில் படும். ஆனாலும் கேட்டதில்லை.

இப்போது மெர்வின் நுரையீரலைச் சுரங்கத் தூசி அடைத்துவிட்டது. அருங்காட்சியகத்தார் வியாழக்கிழமை கற்களை எடுத்துப்போக வருகிறார்கள். கல் கிடைத்த இடம் பொய்யென்றால் கல்லே பொய் என்று ஊரார் சேர்த்த கற்களின் சீட்டுகளையெல்லாம் திருத்தியவன் மெர்வ்.

புதன் மாலை வெடித்தது. அடுத்த அறையில் கல் உரசியது.

"வந்துட்டானா?" என்றான் மெர்வ்.

"யாரு?"

ஆஸ்பத்திரியில் அவளைக் கூப்பிடுவதுபோலவே அவனும் கூப்பிட்டான். "சிஸ்டர், அந்தச் சீட்டு பொய்."

"தெரியும். நான் என்ன சுரங்கம் தெரியாம சிட்னிலேருந்தா வந்தேன்?"

சிரிக்கப்போய் இருமினான். அவள் நிமிர்த்திப் பிடித்து, வாயைத் துடைத்துவிட்டாள்.

"சுரங்கத்துல பதினாலாவது மட்டம். பாறை முனகுது, வெளிய வாடான்னு கிளாரி கத்தினான். ஒரு நிமிஷம்டான்னேன். கல்லு பேந்து வந்துடுச்சு. என்னை இழுத்துட்டுப்போகத்தான் திரும்பி வந்தான்."

"கல்லு?"

"சாப்பாட்டு டப்பாவுல. அவனைத் தூக்குறப்போ டப்பா என் கக்கத்துல இருந்துச்சு."

"அந்தப் பக்கம் திரும்பு. முதுகு துடைக்கணும்."

"தண்ணி ஆறிப்போச்சு, இல்மா."

"இருக்கட்டும்."

துடைத்து முடித்தபின் புதுச் சீட்டு எழுதினாள். பதினாலாவது மட்டம். எடுத்தவர் மெர்வ் பாஸ்கோ. உடனிருந்தவர் கிளாரி யூரன். மெர்வின் கையைப் பிடித்துக் கையெழுத்துப் போடவைத்தாள்.

மறுநாள் நூற்றுப்பத்துக் கற்களும் போயின. மாலை ஆறே முக்காலுக்கு வெடித்தது. காலி அலமாரியில் அதே உரசல்.

மெர்வ் அவளைப் பார்த்தான். "கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. சூப்பைக் குடி."