சல்பைட், சல்பைடு

கேரள எல்லையில், எருத்தேன்பதிப் பக்கம் ஒரு தமிழ்வழிப் பள்ளியில் கற்பகம் பல வருடம் தற்காலிக ஆசிரியையாக வேதியியல் நடத்தினாள். அயனிகளின் பெயர்ப் பாடம் வந்தால் போதும், "வாலைப் பாத்துப் படிங்க" என்பாள். "சல்பேட்டுல ஆக்சிஜன் நாலு. சல்பைட்டுல ஒண்ணு கம்மி. சல்பைடுன்னு 'டு'வுல முடிஞ்சா ஆக்சிஜனே கெடையாது."

பிள்ளைகள் கூட்டாகச் சொல்லும்போது பின்னிரண்டும் ஒன்றுபோலவே காதில் விழும். ஆங்கிலத்தில் பளிச்சென்று வேறு எழுத்து. தமிழில் கடைசி எழுத்தில் புள்ளியா, சுழியா என்பதுதான் வித்தியாசம்.

போன வருடம் மாதிரித் தேர்வு வினாத்தாளைத் தமிழில் பெயர்க்கும் வேலை அவளிடம் வந்தது. சல்பைட் அயனியின் வாய்பாடு கேட்க வேண்டிய இடத்தில் சல்பைடு என்று எழுதிவிட்டாள். அச்சுக்குப் போகுமுன் படித்தபோதும் கண்ணில் படவில்லை. விடைக்குறிப்பில் சல்பைட்டின் வாய்பாடே இருந்ததால், தாளில் இருந்ததற்குச் சரியாக விடை எழுதிய தமிழ்ப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் மதிப்பெண் போயிற்று.

பெற்றோர் கூட்டத்தில், பத்தாம் வகுப்பு இந்துவின் அப்பா சின்னமுத்து எழுந்தார். "நம்ம புள்ளைகன்னா எளக்காரமுங்க. மலையாளத்துக்காரங்க வேணும்னே மாத்திப் போட்டிருக்காங்க!"

கூட்டம் மொத்தமும் அவரோடு சேர்ந்து கத்தியது. மலையாளியான தலைமையாசிரியர் கைக்குட்டையால் முகத்தை ஒற்றிக்கொண்டார். கற்பகம் எழுந்தாள்.

"யாரும் மாத்தலீங்க. தமிழ்ல எழுதுனது நான்தான். தப்பு என்னோடதுங்க."

அவளுக்குத் தைரியமும் இல்லை, பயமும் இல்லை. வேறு யாரோ பேசுவதைக் கேட்பதுபோல இருந்தது.

"நீங்களா டீச்சர்?" என்றார் சின்னமுத்து. அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

பிள்ளைகளுக்கு மதிப்பெண் போட்டுக் கொடுத்தார்கள். ஜூனில் பள்ளி திறந்தபோது அவளைக் கூப்பிடவில்லை.

"ஒருக்கா போயிக் கேட்டுட்டு வா, அம்மிணி," என்றான் கணவன் ஈஸ்வரன்.

"ம்" என்றாள். போகவில்லை. சமைத்தாள், துவைத்தாள், தூங்கினாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை.

இப்போது கொழிஞ்சாம்பாறையில் ஒரு டியூஷன் சென்டரில் ஆங்கிலம் எடுக்கிறாள். அங்கேயும் வால்தான். 'கைண்ட்' என்றால் அன்பான. 'நெஸ்' சேர்த்தால் அன்பு. 'லெஸ்' சேர்ந்தால் இல்லாமல் போகும். ஹோப், ஹோப்லெஸ். இந்துவும் அங்கே வந்து சேர்ந்தாள்.

ஒரு சாயங்காலம் எழுந்து நிற்கப் போன இந்து மேசையைப் பிடித்துக்கொண்டாள். "கால் மரத்துப் போச்சுங்க டீச்சர். இதுக்கு இங்கிலீஷ்ல என்னங்க?"

"நம்." ஒலிக்காத 'பி'யையும் சேர்த்துப் பலகையில் எழுதி, பின்னால் நெஸ் சேர்த்தாள். "இப்ப பெயர்ச்சொல். எழுதிக்கோ." அடுத்த சொல்லுக்குப் போனாள்.

வகுப்பு முடிந்ததும் மகளைக் கூட்டிப்போக வந்த சின்னமுத்து ஒரு பையை நீட்டினார். "நம்ம தோப்பு எளநிங்க டீச்சர். ஊட்டுக்கு எடுத்துட்டுப் போங்க."

வாங்கி ஸ்கூட்டரில் மாட்டினாள். நன்றி சொன்னோமா என்று பாதி வழியில் யோசித்தாள். நினைவில்லை. எதிரே லாரி வர, ஓரமாக ஒதுங்கி ஓட்டினாள்.