காதால் தேர்ந்தெடுத்த கடற்கரை விடுதி

கிணற்றில் முங்கி எடுப்பது முப்பது வருடம் என் வேலை. கச்சிராயபாளையத்தைச் சுற்றியுள்ள கரும்புக் கொல்லைகளில் எந்தக் கிணற்றில் குடம் விழுந்தாலும், மோட்டார் குழாயின் அடியில் மாட்டிய ஃபுட் வால்வு கழன்று விழுந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். மற்ற நாட்களில் கரும்பு வெட்டு. இவ்வளவு காலம் தண்ணீருக்குள் கிடந்தும் உள்ளே இருப்பதை ஒரு நாளும் கண்ணால் பார்த்ததில்லை. கிணற்றில் பத்தடிக்குக் கீழே இருட்டு. சேறு கலங்கினால் கண் எரியும். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கையால் துழாவித்தான் எடுப்பேன். கல்வராயன் மலை மேலே அருவிக் குட்டைகளில் சுற்றுலா வந்தவர்கள் தவறவிட்ட கடிகாரம், மோதிரம் எல்லாம் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அந்தத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். அங்கேயும் கண்ணை மூடியபடிதான்.

எனக்கு இப்போது எழுபத்தொரு வயது. இடது கண் போய் நாலு வருடம் ஆகிறது. வலது கண்ணில் போன ஆடியில் புரை எடுத்தார்கள். கட்டுப் பிரித்த அன்று சுவரில் போகிற எறும்பின் கால் தெரிந்தது. இந்த ஒரு கண் நன்றாக இருக்கும்போதே தண்ணீருக்குள் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று மகள் செல்வியிடம் சொன்னேன். கள்ளக்குறிச்சியில் நர்ஸ் வேலை பார்க்கிற அவள் சிரிக்கவில்லை. "அதுக்கு ஸ்நார்க்கெலிங்னு பேருப்பா. கண்ணாடி மாட்டிக்கினு, வாயில ஒரு கொழாய் வெச்சிக்கினு, தண்ணி மேல குப்புற மெதக்கணும்" என்றாள். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல இதை அவள்தான் போனில் தட்டுகிறாள். எங்கள் பக்கத்திலிருந்து போக நினைக்கிறவர்களுக்கு உதவும் என்றுதான் சொல்கிறேன்.

முதலில் கள்ளக்குறிச்சியில் காது டாக்டரைப் பார்த்தோம். ஆழத்தில் முங்கி முங்கி என் வலது காதின் பறை ஒரு காலத்தில் கிழிந்துவிட்டது. அது ஆறிவிட்டது, மேலே மிதக்கலாம், ஆனால் ஒரு முழம்கூடக் கீழே போகக் கூடாது என்றார். கண் டாக்டரும் சரி என்றார். நீங்களும் கிளம்புவதற்கு முன்னால் இதைச் செய்துவிடுங்கள். அங்கே போனதும் ஒரு தாளை நீட்டி, காது எப்படி, இருதயம் எப்படி என்று கேட்பார்கள்.

அடுத்தது விடுதி. எனக்குக் கேட்கிற காது ஒன்றுதான். நாலு பேர் சேர்ந்து பேசினாலே அதில் இரைச்சல்தான் வரும். போன வருடம் பேரப்பிள்ளைகளோடு ஒரு கடற்கரை விடுதிக்குப் போயிருந்தோம். நீச்சல் குளத்தில் முப்பது பிள்ளைகள். இரண்டு நாளும் என் மனைவி அஞ்சலை பேசியதில் ஒரு வார்த்தை காதில் விழவில்லை. பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை. குளத்தில் கத்தாமல் வேறு எங்கே கத்துவார்கள்? ஆனால் தண்ணீருக்குள் எப்படி மூச்சு விடுவது என்று ஒருவர் சொல்லிக்கொடுக்கும்போது எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்க வேண்டும். பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களை மட்டுமே சேர்க்கிற விடுதிகளும் இருக்கின்றன என்று செல்வி தேடிக் கண்டுபிடித்தாள். சேதி ஊருக்குள் பரவியது. அஞ்சலையின் தம்பி கோவிந்தன் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தான்.

"இன்னா மாமா, பெரியவங்களுக்கு மட்டும்னு போர்டு போட்ட எடத்துக்கு அக்காவ இட்டுக்கினு போறியாமே? சினிமா கொட்டாயிலதான் நான் அந்த போர்ட பாத்துகிறேன்."

"கொழந்தைங்க சத்தம் இருக்காதுடா, அவ்ளோதான்" என்றாள் அஞ்சலை.

"கொழந்தைங்களே வராத எடத்துல ஒனக்கு இன்னாக்கா வேல?"

"ஒன்ன மாதிரி கத்தறவனும் வரமாட்டான் பாரு, அதான் வேல."

அந்தமானில் நீல் தீவு என்று எல்லோரும் சொல்கிற ஷகீத் தீவையும் பக்கத்துத் தீவையும் பார்த்து மூன்று விடுதிகளைச் செல்வி பொறுக்கினாள். மூன்றிலும் படம் அழகாகத்தான் இருந்ததாம். படத்தில் சத்தம் தெரியாதே. நான் மூன்றுக்கும் காலை பதினோரு மணிக்குப் போன் போடச் சொல்லி, நல்ல காதில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். முதல் இடத்தில் பின்னால் பாட்டு அதிர்ந்தது. இரண்டாவதில் ஜெனரேட்டர் ஓடியது. மூன்றாவதில் ஒரு பெண் தமிழிலேயே பேசினாள்.

"ஹலோ, ரூம் வேணுமா சார்? ஹலோ? லைன்ல இருக்கீங்களா?"

"கீறேம்மா. கேட்டுக்கினு கீறேன்."

"நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலியே சார்."

அவளுக்குப் பின்னால் யாரோ தென்னந்துடைப்பத்தால் மணலைப் பெருக்குகிற சத்தம். அதற்குப் பின்னால் ஒரு காக்கை. அப்புறம் ஒன்றுமில்லை. இதுதான் என்று செல்வியிடம் சொன்னேன். இரண்டு பேருக்கு ஒரு அறை, காலை டிபனோடு, ஒரு நாளைக்கு நாலாயிரத்து எண்ணூறு ரூபாய். மூன்று இரவுக்குப் பதிவு செய்தாள்.

மாசி முதல் வாரம் கிளம்பினோம். அப்போது அங்கே கடல் அடங்கியிருக்கும். காலை ஐந்தே முக்காலுக்கு டவுன் பஸ், கள்ளக்குறிச்சிக்கு அரை மணி நேரம். பெண்களுக்கு இலவசம் என்பதால் அஞ்சலைக்கு டிக்கெட் கிடையாது, எனக்கு மட்டும்தான். ஆறரைக்குச் சென்னை பஸ். உளுந்தூர்பேட்டையில் பத்து நிமிடம் நின்றது, இட்லி சாப்பிட்டோம். பதினொன்றே முக்காலுக்குக் கிளாம்பாக்கம். குரோம்பேட்டையில் உறவுக்காரர் வீட்டில் தங்கி, மறுநாள் காலை ஏழு மணிக்கு விமானம். இரண்டு மாதம் முன்னால் எடுத்ததால் ஆளுக்கு ஏழாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. இரண்டேகால் மணி நேரத்தில் போர்ட் பிளேர். ஊருக்குப் பெயர் மாற்றிவிட்டார்கள், ஆனால் ஆட்டோக்காரர் பழைய பெயரைத்தான் சொன்னார். மதியம் நீல் தீவுக்குக் கப்பல், ஆளுக்கு ஆயிரத்து முன்னூறு, ஒன்றரை மணி நேரம். படகுத்துறையிலிருந்து விடுதி மூன்று கிலோமீட்டர், ஆட்டோவுக்கு நூற்றைம்பது ரூபாய்.

விடுதியைப் பற்றி நல்லதாகத்தான் சொல்ல முடியும். பத்தே குடில்கள். கடலுக்கும் குடிலுக்கும் நடுவில் நாற்பது தப்படி மணல். டி.வி. கிடையாது, பாட்டு கிடையாது. சாப்பிடும் இடத்தில் மற்றவர்களும் மெதுவாகவே பேசினார்கள். அன்று சாயங்காலம் டீ குடிக்கும்போது, "சக்கர கம்மியா கீது" என்று அஞ்சலை வாய்க்குள் முனகினாள். எனக்குக் கேட்டது! சர்க்கரையை எடுத்து நீட்டினேன்.

எங்களைத் தண்ணீரில் இறக்குகிறவர் பெயர் ராஜு. நாற்பது வயது இருக்கும். தாத்தா காலத்திலேயே விழுப்புரம் பக்கத்திலிருந்து தீவுக்கு வந்த குடும்பம். ஒரு காலைக்கு ஆளுக்கு ஆயிரம் ரூபாய், கண்ணாடி, குழாய், மிதவை வளையம் எல்லாம் சேர்த்து. எங்களுக்கு இருந்ததோ இரண்டு காலைதான். மூன்றாவது காலை விடிந்ததும் திரும்பும் கப்பல்.

முதல் காலை எட்டு மணிக்கு இறங்கினோம். கடல் ஏறியிருக்கும் நேரம் அது. வற்றினால் பவளப்பாறை முட்டிக்கால் ஆழத்துக்கு வந்துவிடும், யாரையும் விடமாட்டார்கள். ராஜு மெதுவாக, தெளிவாகச் சொன்னார். வாயால் மூச்சு விடணும், கீழே போகக் கூடாது, எதையும் தொடக் கூடாது, தொட்டால் பவளம் செத்துவிடும், சட்டப்படியும் தப்பு. ஒவ்வொரு வார்த்தையும் என் காதில் விழுந்தது. தலையை ஆட்டினேன். வளையம் வேண்டாம், நீச்சல் தெரியும் என்று பெருமையாகச் சொன்னேன்.

கால் தரையை விட்டதுதான் தெரியும். மூச்சை இழுத்து அடக்கினேன், கண்ணை மூடினேன், கிணற்றில் இறங்குகிற மாதிரி கால் கீழாக நேரே போய்விட்டேன். கை தானாகத் துழாவ ஆரம்பித்தது. ஏதோ கரடுமுரடாகத் தட்டுப்பட்டது, பிடித்தேன். யாரோ என் கழுத்துப் பட்டையைப் பிடித்து மேலே இழுத்தார்கள். விரல் இரண்டு இடத்தில் கீறி ரத்தம். காதில் ஊசி குத்துவது போல் வலி.

"ஐயா, இன்னா ஐயா இது!" ராஜுவுக்கு மூச்சு வாங்கியது. "கொழாய்ல மூச்சு விடுங்கன்னா முழுகிட்டீங்க. தொடாதீங்கன்னா புடிச்சிட்டீங்க."

மறுபடி முயன்றேன். மிதந்தேன், ஆனால் முகம் தண்ணீரில் பட்டதும் கண் மூடிக்கொண்டது. கண்ணாடிக்குள் ஒரு சொட்டு இல்லை, எரிய ஒன்றுமில்லை, ஆனாலும் திறக்கவில்லை. கை மறுபடி கீழே போனது. மூன்றாம் தடவை ராஜு என்னைக் கரைக்குக் கூட்டி வந்துவிட்டார். "நாளைக்கும் கை வெச்சீங்கன்னா நான் கூட்டிட்டுப் போக முடியாதுங்க ஐயா. என் பொழப்பு போயிடும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

மணலில் உட்கார்ந்திருந்த அஞ்சலை துண்டைக் கொடுத்தாள். "இன்னாத்த பாத்த?"

"ஒண்ணுமில்ல."

"ஏழாயிரம் ரூவா டிக்கெட் எடுத்து வந்து, கண்ண மூடிக்கினு கல்லத் தடவிட்டு வந்துகிற. கோமுகி டேமுலயே தடவியிருக்கலாமே, டவுன் பஸ்ஸுல போய்."

அன்று மதியம் முழுவதும் காது வலித்தது. நாளைக்கும் இப்படி ஆனால் அவ்வளவுதான். இன்னொரு தடவை வர எங்களுக்கு வசதியும் இல்லை, என் கண்ணுக்கும் உத்தரவாதம் இல்லை. சாயங்காலத்துக்குள் வலி விட்டது. காலையிலும் வலி இல்லாவிட்டால்தான் இறங்குவது என்று முடிவு செய்தோம். சாப்பிடும்போது அஞ்சலை கேட்டாள்.

"ஒன் கை இன்னாத்த தேடிச்சி?"

"ஒண்ணத்தையும் தேடல. அது பாட்டுக்குப் போவுது."

அவள் சாப்பிடுவதை நிறுத்தினாள். "அதான்யா. முப்பது வருசமா கைதான் ஒனக்குக் கண்ணு. அது வேல செய்ய, கண்ணு தூங்கும். கைய கட்டிப் போட்டா கண்ணு எழுந்துக்கும்."

மறுநாள் காலை வலி இல்லை. அவள் ராஜுவிடம் போய், "தம்பி, நானும் எறங்கறேன். இந்த ஆளு கைய நான் புடிச்சிக்கினு வரேன்" என்றாள். நீச்சல் தெரியாதவள். கோமுகி வாய்க்காலில் இடுப்பளவு தண்ணீரில் துணி துவைத்ததுதான் அவளுக்கும் தண்ணீருக்கும் உள்ள பழக்கம். ராஜு யோசித்துவிட்டு இரண்டு பேருக்கும் மிதவைச் சட்டை மாட்டினார். பெரிய வளையத்துக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். என் இரண்டு மணிக்கட்டையும் வளையத்தோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். கரும்புக் கட்டு தூக்கின கை அது, அசைய விடாது. ராஜு வளையத்தை இழுத்துக்கொண்டு போனார்.

முகத்தை வைத்தேன். கண் மூடியது. கை இழுத்தது, அவள் விடவில்லை. இன்னொரு தரம் இழுத்தேன். விடவில்லை. குழாயில் என் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. எத்தனை மூச்சு என்று தெரியாது. கண் திறந்துகொண்டது.

தரை தெரிந்தது. காலால் தொடுவதற்கு முன்னால் தண்ணீரின் தரையைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஆற்று மணல் போல வரிவரியாக மணல், அதன் மேல் வளையத்தின் நிழல், எங்கள் இரண்டு பேரின் நிழல். அப்புறம் பாறை. பாறை என்று சொல்வது தப்பு, பூத்த காலிஃபிளவர் கொல்லை மாதிரி இருந்தது. மஞ்சள் அரைத்துப் பூசின மாதிரி மீன்கள் கூட்டமாக வந்து, என்னைச் சட்டை செய்யாமல் போயின. ஒரு பெரிய சிப்பி நீல உதட்டைத் திறந்துவைத்திருந்தது. எங்கள் நிழல் பட்டதும் மூடிக்கொண்டது. பெயர் எதுவும் எனக்குத் தெரியாது, கேட்கவும் தோன்றவில்லை. முக்கால் மணி நேரம் என்று ராஜு சொன்னார். எனக்குக் கொஞ்ச நேரம் மாதிரிதான் இருந்தது.

தலையைத் தூக்கினால் அஞ்சலை ஆடாமல் அசையாமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. "நீ பாரு" என்றேன். மாட்டேன் என்றாள். கடல் வற்ற ஆரம்பிக்கிறது, பத்து நிமிடம்தான் என்றார் ராஜு. என் கண்ணாடியையும் குழாயையும் கழுவி அவளுக்கு மாட்டிவிட்டேன். பயந்து பயந்து முகத்தை வைத்தவள் குழாய்க்குள்ளேயே கத்தினாள். மேலே எங்களுக்கு அது நாதஸ்வரம் ஊதிப் பழகுகிற மாதிரி கேட்டது. ராஜு சிரித்த சிரிப்பில் வளையம் அவர் கையை விட்டு நழுவப் பார்த்தது. பார்க்கிற மும்முரத்தில் அவள் என் கைகளை எப்போது விட்டாள் என்று அவளுக்கே தெரியாது. என் கைகள் வளையத்தின் மேலேயே கிடந்தன.

போகிறவர்களுக்குச் சில விஷயம் சொல்கிறேன். தை, மாசி, பங்குனியில் போங்கள். விடுதிக்குப் போன் போட்டால் விலையைக் கேட்பதற்கு முன்னால் ஒரு நிமிடம் சும்மா இருந்து பின்னால் என்ன சத்தம் என்று கேளுங்கள். பிள்ளைகளுக்கு எந்த வயதிலிருந்து அனுமதி என்று வாய்விட்டுக் கேளுங்கள். சில இடங்களில் பன்னிரண்டு வயது என்கிறார்கள், அது நமக்கு உதவாது. கடல் எத்தனை மணிக்கு ஏறும் என்று முதல் நாளே விசாரித்துவிடுங்கள். நீச்சல் தெரிந்தாலும் மிதவைச் சட்டை போடுங்கள், என்னைப் போல் பெருமை பேச வேண்டாம். காது வலித்தால் இறங்காதீர்கள். எதையும் தொடாதீர்கள்.

பணத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று ஒரு காலைக்கு மட்டும் பதிவு செய்துவிட்டுப் போகாதீர்கள். இரண்டு காலை வேண்டும். முதல் காலையில் நான் அந்தமான் கடலில் இருந்ததாக ராஜு நினைத்தார். நான் இன்னும் கச்சிராயபாளையத்துக் கிணற்றில்தான் இருந்தேன்.