கதவுகிட்ட சொல்ற விஷயம்

டாக்டரம்மாவைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் பார்ப்பது டோக்கன் அக்காவைத்தான். பதினெட்டு வருஷமாக அதே மேஜை, அதே ஆடும் நாற்காலி. எது நிஜக் காய்ச்சல், எது பள்ளிக்கூடக் காய்ச்சல் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். படித்தது பத்தாவது. கேட்டால், "பதினொண்ணாவது இங்கதான் படிக்கிறேன். இன்னும் பாஸாகல" என்பாள்.

ஒரு திங்கட்கிழமை எழுபத்தியோரு பேர். நாற்பத்திரண்டாவதாக ஆட்டோக்காரர் போனார். முழங்கால் வலி. மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு கதவுக் கைப்பிடியைப் பிடித்தவர், "அப்புறம் டாக்டர், நெஞ்சைக் கொஞ்சம் பிடிச்ச மாதிரி இருக்கு. பரவாயில்ல, அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே வெளியேறினார். டாக்டரம்மா அதற்குள் அடுத்த ஆளின் தொண்டைக்குள் டார்ச் அடித்துக்கொண்டிருந்தார். காதில் விழுந்தது மண்டையில் ஏற ஒரு நிமிஷம் ஆயிற்று. செருப்புகூடப் போடாமல் தெருவுக்கு ஓடி, கிளம்பின ஆட்டோவை மறித்தார். பெரிய ஆஸ்பத்திரியில் ஆளைக் காப்பாற்றிவிட்டார்கள்.

கூட்டம் வடிந்த பிறகு டாக்டரம்மா வெகுநேரம் கையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஆட்டோ தெருமுனை திரும்பியிருந்தா அவர் இல்லக்கா. லீவே இல்லாம ஏழு நாளும் பாத்து எனக்கு மூளையே ஓடல. இந்த மாசத்தோட கிளினிக்கை மூடிடலாம்னு இருக்கேன்."

டோக்கன் அக்கா டோக்கன்களை எண்ணி டப்பாவில் போட்டாள். தனக்கு வேறு வேலை கிடைக்கும். இந்த எழுபத்தியோரு பேர் எங்கே போவார்கள்?

பஸ்ஸில் நின்றுகொண்டே யோசித்தாள். ஆட்டோக்காரர் மட்டுமா? எல்லோருமே அப்படித்தான். சின்னதை முதலில் சொல்லி, பயப்படுகிற விஷயத்தைக் கதவு வரைக்கும் சுமந்துகொண்டு போவார்கள். டாக்டருக்குச் சிரமம் கொடுக்கக் கூடாதாம்.

மறுநாள் டோக்கனோடு ஆளுக்கொரு துண்டுச் சீட்டும் கொடுத்தாள். "கதவுகிட்ட போய்ச் சொல்வீங்களே, அதை இதுல எழுதுங்க. உள்ள போனதும் முதல்ல இதை நீட்டுங்க. சாப்பிடுற மாத்திரை அட்டையைக் கையில எடுத்து வச்சுக்கோங்க. லீவு லெட்டர் வேணும்கிறவங்க பன்னெண்டு மணிக்கு மேல வாங்க."

ரிட்டயரான வாத்தியார் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "நீ எப்பம்மா டாக்டருக்குப் படிச்சே?"

"படிக்கல சார். போன வாரம் உங்க தும்மலைப் பத்தி உள்ள இருபது நிமிஷம் பேசினீங்களே, அப்பப் படிச்சிருக்கலாம்."

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. வாத்தியார் முறைத்தார். பிறகு பரீட்சைப் பையன்போலக் கையால் மறைத்துக்கொண்டு ஒரு வரி எழுதி நாலாக மடித்தார். வெளியே வரும்போது மேஜை அருகில் நின்று, "நாலு மாசமா இதைச் சொல்ல வாய் வரல" என்றார் மெதுவாக. "டெஸ்டுக்கு எழுதியிருக்காங்க."

எழுதத் தெரியாதவர்கள் அக்காவின் காதில் சொன்னார்கள்; அவள் எழுதிக் கொடுத்தாள். டாக்டரைத் தவிர வேறு யாருக்கும் அது போகவில்லை. ஒருத்தி மாமியாரைப் பற்றி இரண்டு பக்கமும் எழுதிக் கொண்டுவந்தாள். அதையும் அக்கா திருப்பிக் கொடுக்கவில்லை, "இதுல உங்களுக்கு வலிக்கிற இடம் எது, அதுக்கு அடியில மட்டும் கோடு போடுங்க" என்றாள். அவள் கோடு போட்டது, ராத்திரி தூக்கம் வரவில்லை என்ற வரிக்கு.

மூன்றாம் நாள் டாக்டரம்மா கூப்பிட்டார். "இதெல்லாம் யாரைக் கேட்டுச் செஞ்சீங்க?"

"யாரையும் கேக்கல."

டாக்டரம்மா சீட்டுகளைப் புரட்டினார். "இன்னும் கொஞ்சம் பெரிசா வெட்டுங்க. எழுத்து இடிக்குது."

மாசக் கடைசியில் மறுபடி கூப்பிட்டபோது, அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே போனாள்.

"வெளிய ஒரு போர்டு மாட்டணும்க்கா. ஞாயித்துக்கிழமை லீவு."

"மத்த நாள்?"

"மத்த நாள் எப்பவும் போல. ஏன், உங்களுக்கு வேற வேலை கிடைச்சிருச்சா?"

போர்டை அவளே எழுதினாள். பெயின்ட் காய்வதற்குள் பெஞ்சில் முணுமுணுப்பு. "ஞாயித்துக்கிழமை உடம்பு முடியாமப் போச்சுன்னா?"

"அவசரம்னா பெரிய ஆஸ்பத்திரி. இல்லன்னா திங்கக்கிழமை முதல் டோக்கன் உங்களுக்கு" என்றாள் அக்கா, நிமிர்ந்து உட்கார்ந்து. "எங்க டாக்டர் ஒரு நாள் தூங்குறாங்க."

"தூங்கட்டும்யா" என்றார் வாத்தியார், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.