சிரட்டைக்கரியும் சிவப்புத் தண்ணியும்

சாயத்தண்ணியச் சுத்தமாக்கக் கரி சுடுற வேலையில முதல்ல கறுக்கிறது சுடுற ஆள்ர முகம்தான். கடைசி வருசப் புரொஜெக்டில மாட்டுப்பட்டு நிக்கிற என்ட சகபாவிகளே, உங்களுக்கு நான் சொல்லத் தேவல்ல.

காத்தான்குடியில நூலுக்குச் சாயம் போடுற பட்டறை வச்சிரிக்கிற முஸ்லிம் அண்ணன் ஒருத்தர், எங்களுக்கு நானா. அவர்ர பட்டறைச் சிவப்புத் தண்ணி கழிவு ஓடுற கானுக்குள்ளால வாவிக்குப் போகுது எண்டு முறைப்பாடு. நிறம் போகாட்டிப் பட்டறையப் பூட்டுவம் எண்டு சூழல் அதிகாரிகள் சொல்லிட்டாங்க. "நான் இரிக்கன் நானா, சிரட்டைக்கரியில வடிச்சாப் பச்சத்தண்ணி மாதிரி வரும்" எண்டு வாக்குக் குடுத்தது நான்தான்.

வெள்ளைச் சட்டை

வவுணதீவில எங்கட வளவுக்குள்ள, தகரப் பீப்பாவில தேங்காய்ச் சிரட்டையப் போட்டுச் சுட்டன். புகை நேரே பக்கத்து வீட்டுக் கொடிக்குப் போயிட்டு. அங்க காய்ஞ்சது பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைகள். அந்த வீட்டு அக்கா வேலிக்கு வந்தா. மன்னிப்புக் கேட்டனா? சூழல் மாசு எண்டா என்ன எண்டு அவவுக்கே பாடம் எடுத்தன். முழுக்கக் கேட்டுட்டுச் சொன்னா: "ஊரெல்லாம் சுத்தமாக்கு கா, முதல்ல இந்தச் சட்டையத் தோய்ச்சுத் தா."

மூடி

பீப்பாச் சூடு ஆறும்வரைக்கும் மூடி திறக்கக் கூடாது. காத்துப் பட்டா உள்ளுக்குக் கிடக்கிற கரி திரும்பப் பத்திரும். என்னோட புரொஜெக்ட் செய்யிற சுபா இதத்தான் சொன்னா. "எனக்குக் கெமிஸ்ட்ரி படிப்பிக்க வாறியா?" எண்டு கத்திட்டு மூடியத் தூக்கினன். கண்ணுக்கு முன்னால கரியெல்லாம் சிவந்து சாம்பலாப் போச்சு. சுபா ஏசவும் இல்ல. "சட்டி கழுவ அம்மாக்குக் குடு, அதுக்கெண்டாலும் உதவும்."

அதிகாரி வந்த காலை

திரும்பச் சுட்டு இடிச்ச கரியத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு ஓடினன். இடிச்ச கரியத் தூள் போகக் கழுவித்தான், அடியில ஓட்டை போட்ட வடிக்கிற பீப்பாவில நிரப்போணும். "கழுவினியா?" எண்டு சுபா கேக்க, "நேரமில்ல, சும்மா நச்சரிக்காத" எண்டு அப்பிடியே கொட்டினன்.

அதிகாரி கையக் கட்டிக்கொண்டு நிக்காரு. நூல் முக்கிற பொம்புளையள் எல்லாரும் என்னையே பாக்காங்க. அவங்கட வேலையும் இந்தத் தண்ணியிலதான் இரிக்கு. நானா வாளியத் தூக்கிச் சிவப்புத் தண்ணியக் கரிக்கு மேல ஊத்தினாரு. கீழ வந்தது மை மாதிரிக் கறுப்பு. எட்டிப் பாத்த நானா மெதுவாச் சொன்னாரு: "புள்ள, என்ட தண்ணி சிவப்பாத்தானே இரிந்திச்சு?"

கரிபிடிச்ச கை

"ஆர் செஞ்ச வேலை இது?" அதிகாரி கேட்டாரு.

எதுக்கெடுத்தாலும் சண்டைக்குப் போற நான், கரிக்கைய முதுகுக்குப் பின்னால ஒளிச்சன். நானா ஏசியிருந்தாத் திருப்பி ஏசியிருப்பன். அந்த மனிசன் எனக்கு முன்னால வந்து நிண்டாரு: "சேர், இது படிக்கிற புள்ள. பட்டறைய வேணுமெண்டாப் பூட்டுங்க, அவவ ஒண்டும் கேக்காதீங்க."

பட்டறையப் பூட்டிட்டாங்க, வாவிக்கு இப்ப ஒரு சொட்டுச் சாயமும் போகல்ல, என்ட கரியால இதுவரைக்கும் நடந்த ஒரே சுத்திகரிப்பு இதுதான்.