ஊசியக்காவின் முழங்கால்

அந்தத் தெருக்களில் அவளை ஊசியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ரத்தப் பரிசோதனை நிலையத்துக்காக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வருவது அவள் வேலை. காலை ஆறு மணிக்கு சைக்கிளை எடுத்தால் பத்து மணிக்குள் பதினைந்து வீடு முடித்துவிடுவாள். சாப்பிடாமல் காத்திருப்பவர்கள் கடுகடுவென்று இருப்பார்கள். அவர்களிடம் ஊர்வம்பு பேசிச் சிரிக்க வைப்பதற்குள் ஊசி போய் வந்திருக்கும்.

நாற்பத்தேழு வயது வரை முழங்கால் என்று ஒன்று இருப்பதே அவளுக்கு நினைவில்லை. நிலையத்தில் கியர் வைத்த புது சைக்கிள் கொடுத்த மூன்றாம் மாதம் அது தன்னை அறிமுகம் செய்துகொண்டது. மேட்டில் மிதித்தால் முழங்கால் சில்லுக்குக் கீழே சுருக்கென்றது. மாடிப்படி இறங்கினால் உயிர் போய் உயிர் வந்தது. ஆற்றுப் பாலத்து ஏற்றத்தில் இறங்கித் தள்ள ஆரம்பித்தாள்.

டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "மூட்டு நல்லாத்தான் இருக்கு. மிதிக்கிற விதத்தைப் பாருங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து பொரிந்து தள்ளினாள். "முப்பது வருஷமா மிதிக்கிறேன். எனக்கு மிதிக்கத் தெரியலையாம்!"

அவள் கணவர் டெய்லர். கத்தரியை வைத்துவிட்டு எழுந்தார். "தெருவுல ஒரு சுத்து போயிட்டு வா, பாக்கலாம்" என்றார். திரும்பி வந்தவளிடம், "முழங்கால் வயித்தை இடிக்குது. அளவு பத்தாத பேன்ட்டைப் போட்டுட்டு உக்காந்த மாதிரி இருக்க. சீட்டை யாரு இவ்வளவு இறக்கினது?"

"நான்தான். பின்னால ரத்தப் பெட்டி இருக்கு. நின்னா ரெண்டு காலும் தரையில ஊன வேண்டாமா?"

டெய்லர் அன்றே சீட்டை நாலு விரல் உயர்த்தினார். மறுநாள் அவள் இடுப்பை ஆட்டி ஆட்டி மிதித்து வந்து சேர்ந்தாள். "முட்டிக்கு முன்னால இருந்த வலி இப்ப முட்டிக்குப் பின்பக்கம் குடிபோயிடுச்சு. துணியை இப்படித்தான் அளக்காம வெட்டுவீங்களா?"

அவருக்குச் சுரீர் என்றது. ஞாயிற்றுக்கிழமை சைக்கிளைச் சுவரோரம் நிறுத்தி அவளை ஏற்றினார். குதிகாலை மிதிகட்டையில் வைத்து, கட்டை அடியில் இருக்கும்போது கால் நேராக நீளும்வரை சீட்டை இறக்கினார். பிறகு பாதத்தின் முன்பகுதியை வைக்கச் சொன்னார். முழங்கால் லேசாக மடங்கியது. இரண்டு மிதிகட்டைகளையும் சமமாக நிறுத்தி, ஒரு நூலில் கோட்டுப் பொத்தானைக் கட்டி முழங்காலிலிருந்து தொங்கவிட்டார். பொத்தான் மிதிகட்டையின் நடுவில் விழாமல் முன்னால் தள்ளி ஆடியது. சீட்டை ஒரு விரல் பின்னால் நகர்த்தினார். இப்போது சரியாக விழுந்தது.

எதிர்வீட்டுக்காரி வாசலிலிருந்து கேட்டாள், "என்னங்க, சைக்கிளுக்குச் சட்டையா?"

"சட்டையில்லைங்க. சைக்கிளை ஆளுக்கு ஏத்த மாதிரி பிடிச்சுத் தைக்கிறேன்."

அளவு சரியாகிவிட்டது, ஆனால் சீட்டில் உட்கார்ந்தபடி சைக்கிளை நிறுத்தினால் கால் தரைக்கு எட்டவில்லை. நிறுத்தப் பார்த்த முதல் முயற்சியில் ஊசியக்கா நேராக எதிர்வீட்டு வேலிச்செடிக்குள் போய் விழுந்தாள். எதிர்வீட்டுக்காரிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ஆனாலும் ஓடி வந்து தூக்கிவிட்டதும் அவள்தான். "அப்படியே உக்காந்திருக்காதீங்கக்கா. பிரேக்கைப் பிடிச்சதும் சீட்டை விட்டு முன்னால இறங்குங்க" என்று மூன்று மாலை கேரியரைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினாள். நாலாம் மாலை பிடி தேவைப்படவில்லை.

வலி ஒரே நாளில் ஓடிவிடவில்லை. முதல் வாரம் முணுமுணுத்தது, இரண்டாம் வாரம் மறந்து மறந்து வந்தது. மேட்டில் பல்லைக் கடித்து அழுத்துவதை விட்டு, கியரைக் குறைத்து வேகவேகமாகச் சுழற்றப் பழகினாள்.

நாலாம் வாரம் ஒரு காலை டெய்லரின் போன் அடித்தது.

"ஏங்க, பாலத்து உச்சியில நிக்கிறேன்."

டெய்லர் தையல் மிஷினை நிறுத்தினார். "என்னாச்சு, வலிக்குதா?"

"இல்லைங்க. இறங்காமலே ஏறிட்டேன். அதைச் சொல்லத்தான்."

"கால் தரைக்கு எட்டுதா?"

"ஒரு கால் எட்டுது. போதும். சரி, வைக்கிறேன், அந்தப் பக்கம் ஒருத்தர் பட்டினியா காத்திருக்கார்."