சலவைக்கடை வண்டியின் முன்ஃபோர்க்

குற்றச்சாட்டு இது. 1957 ஜூலை 21, ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு, மலாக்கா காஜா பெராங் சுதந்திர ஊர்வலக் குழுவின் கூட்டத்தில், சோடாக் கம்பெனி உரிமையாளர் திரு. தம்பிராஜா இருபத்திரண்டு பேர் முன்னிலையில் என்னைத் திருடன் என்றார். ஜப்பான்காரன் காலத்தில் அவருடைய மூன்று சக்கர மோட்டார் வண்டியின் முன்ஃபோர்க்கை, அதாவது முன்சக்கரத்தை இரு காலால் பிடித்திருக்கும் கவையை, நான் திருடி, சலவைக்கடை சந்திரமதி அம்மாளின் வண்டியில் மாட்டிவிட்டேன் என்பது அவர் கூற்று. குழுவின் செயலாளர் திரு. பொன்னுதுரை அதைக் கூட்டக் குறிப்பில் அப்படியே எழுதினார். என் பதிலை எழுதவில்லை. குறிப்பின் நகல் என்னிடம் இருக்கிறது.

இரண்டு நாள் கழித்து, பண்டார் ஹிலிரில் நான் வேலை பார்க்கும் பட்டறையின் சீன முதலாளி, எங்கள் தௌக்கே, என்னை அழைத்து, பெயர் தெளிந்த பிறகு வரச் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. ஊரார் தங்கள் வண்டியை நம்பி விட்டுப்போகும் இடம் அது. அவர் பக்கமும் நியாயம் உண்டு. ஆகவே என் வேலை எனக்குத் திரும்ப வேண்டுமானால் அந்தக் குறிப்பு திருத்தப்பட வேண்டும்.

அன்றைய கூட்டத்தில் பின்வரிசையிலிருந்து ஒருவர், "யாருய்யா இந்த ஆளு?" என்று கேட்டார். முறையான கேள்வி. ஒருவரும் பதில் சொல்லாததால் நானே சொல்கிறேன்.

என் பெயர் தனபாலன். 1918இல் ஜாசின் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தேன். தோட்டப் பள்ளியில் நான்காம் வகுப்புவரை இருந்தது, அதுவரை படித்தேன். பிறகு ரப்பர் ஆலையின் எஞ்சினுக்கு எண்ணெய் விடும் வேலை. ஆலைத் துரை குப்பையில் எறிந்த உதிரிப்பாகப் புத்தகம் ஒன்று கைக்குக் கிடைத்தது. படத்திலிருந்த எண்ணையும் அதற்கு நேரே இருந்த சொல்லையும் ஒட்டவைத்து ஒட்டவைத்தே ஆங்கில எழுத்தைக் கற்றேன். இன்றும் ஆங்கிலத்தில் ஒருவரை நலம் விசாரிக்க எனக்கு வராது. கார்பரேட்டரின் எல்லாப் பாகங்களையும் எழுத்துப் பிழையின்றி எழுதுவேன்.

1937இல் தோட்டத்தை விட்டு மலாக்காவுக்கு வந்தேன். நன்னடத்தைச் சீட்டு எழுதித் தருவதாகச் சொன்ன தோட்ட அலுவலகக் கிராணி கடைசிவரை தரவில்லை. ஆறு ஆண்டு உழைத்ததற்கு என்னிடம் ஒரு வரிகூட இல்லை என்று இங்குள்ள பட்டறைகள் ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பியபோதுதான் காகிதத்தின் மதிப்பு தெரிந்தது. அதன்பின் எழுத்தில் இல்லாத எதையும் நடந்ததாக நான் கொள்வதில்லை.

எனக்கு முதலில் வேலை கொடுத்தவர் சந்திரமதி அம்மாளின் கணவர் சேதுராமன். சலவைக்கடைக்காரர். கிளேபாங் பங்களாக்களின் துணிகளை எடுக்கவும் கொடுக்கவும் மூன்று சக்கர மோட்டார் வண்டி ஒன்று வைத்திருந்தார். முன்னால் ஒற்றைச் சக்கரம், பின்னால் இரண்டு, அவற்றின் மேல் சாமான் பெட்டி. அதே ஆண்டு, அதே கடையில், அதே பச்சை நிறத்தில் வாங்கிய இன்னொன்று தம்பிராஜாவின் சோடாக் கம்பெனியில் ஓடியது. இரண்டையும் நான்தான் பழுது பார்த்தேன். இரண்டு வண்டிகளும் எதிரெதிரே வந்தால் கண்ணாடியைப் பார்ப்பது போலிருக்கும்.

1942 ஜனவரியில் ஜப்பானியப் படை நெருங்கியபோது, ஓடுகிற வண்டி எதுவும் மிஞ்சாது என்று ஊரில் பேச்சு எழுந்தது. இரண்டு உரிமையாளர்களும் என்னிடம் வந்தார்கள். சலவைக்கடையின் பின்கொட்டகையில் இரண்டு வண்டிகளையும் இரண்டே நாளில் பிரித்தேன். கிரீசும் கரியும் பூசிய பாகங்கள் சோடாப் பெட்டிகளுக்கு அடியிலும் துணி வேகவைக்கும் அடுப்புக்குப் பின்னாலும் மறைந்தன. எல்லாவற்றுக்கும் சீட்டு எழுதும் நான் அந்த இரண்டு நாள் மட்டும் எழுதவில்லை. பெயர் எழுதிய பாகம் பிடிபட்டால் பெயருக்குரியவர் தலை போய்விடும் என்று அஞ்சினேன். ஞாபகத்தை நம்பினேன். அது என் பிழை. அதை யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை, நானே ஒப்புக்கொள்கிறேன்.

சேதுராமன் ஜப்பானியரால் சயாம் ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பவில்லை. 1946இல் இரண்டு வண்டிகளையும் மீண்டும் பூட்டினேன். கிடைத்ததை வைத்துப் பூட்டிய வேலை அது. பட்டாளம் விட்டுப்போன கறுப்புப் பெயிண்டை இரண்டின் மேலும் அடித்தேன். இரண்டும் ஓடின. தம்பிராஜா கைகுலுக்கி நன்றி சொன்னார். அதை எழுதி வாங்கவில்லை.

இந்த ஆண்டு ஜூன் மாதம் சந்திரமதி அம்மாள், சுதந்திர ஊர்வலத்தில் அவர் வண்டி பழைய பச்சையில், பழைய உருவில் போகவேண்டும் என்று கேட்டார். சுரண்டத் தொடங்கியதும் 1946ஆம் ஆண்டு அவசரம் முழுவதும் வெளியே வந்தது. வலது மட்கார்டு நான் எண்ணெய்ப் பீப்பாயில் வெட்டியது. கார்பரேட்டர் தண்ணீர் பம்பினுடையது. பின் பல்சக்கரத்தில் நாற்பத்திரண்டு பல் இருக்கவேண்டிய இடத்தில் நாற்பத்தைந்து இருந்தது. வண்டி பதினோரு ஆண்டாக மேட்டில் சுகமாகவும் சமவெளியில் சோம்பலாகவும் போனதற்குக் காரணம் அன்றுதான் விளங்கியது. பழைய இரும்புக்கடைகளில் தேடிச் சரியான பல்சக்கரத்தையும் கார்பரேட்டரையும் பிடித்தேன். மட்கார்டைப் படம் பார்த்து மறுபடி அடித்தேன்.

ஜூலை 20ஆம் தேதி தம்பிராஜா அந்த வழியாக வந்தவர் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தார். பெயிண்ட் போன முன்ஃபோர்க்கின் இடது காலில் பித்தளை வைத்துப் பற்றவைத்த தழும்பு தெரிந்தது. 1939இல் அவருடைய டிரைவர் பாலத்துக் கட்டையில் மோதிய வடு அது என்றார். மறுநாள் கூட்டத்தில் திருடன் என்றார்.

வேலை போனபின் எனக்கு நேரம் நிறைய இருந்தது. மிச்சமிருந்த பாகங்களை அங்குலம் அங்குலமாகச் சுரண்டினேன். பெட்ரோல் டாங்கி, விளக்குத் தாங்கி, பின்னச்சுக் கூடு ஆகியவற்றில் பச்சைப் பூச்சுக்குள் சிறுசிறு தடிப்புகள், கொசு கடித்தது போல மும்மூன்றாக இருந்தன. 1946இல் துரு என்று நினைத்து மேலேயே கறுப்பு அடித்திருக்கிறேன். இந்த முறையும் துரு என்றே சொன்னேன். பக்கத்தில் சட்டை மடித்துக்கொண்டிருந்த சந்திரமதி அம்மாள் எழுந்து வந்து விரலால் தடவினார்.

"துருவா? நல்லாப் பாரு தம்பி. இது நான் வச்ச பொட்டு."

1938ஆம் ஆண்டு ஆயுத பூஜைக்கு அவர் வண்டியெங்கும் சந்தனப் பொட்டும் குங்குமமும் வைத்தார். தீபாவளிக்குள் வண்டி பளபளக்க வேண்டும் என்ற அவசரத்தில் கணவர் அவற்றைத் துடைக்காமல் மேலேயே பச்சை அடித்துவிட்டார். அதற்காக அவர் கணவரோடு ஒரு வாரம் பேசவில்லையாம். கத்தி முனையால் ஒரு தடிப்பைத் திறந்தேன். சந்தனத் தூளும் மங்கிய சிவப்பும் உதிர்ந்தன. அவர் அதைத் தரையில் விழவிடாமல் உள்ளங்கையில் ஏந்தினார்.

தம்பிராஜாவின் வண்டிக்கு அப்படி எதுவும் இருக்க வழியில்லை. அவர் பூஜை சோடா இயந்திரத்துக்கு மட்டும். பூஜையன்று சோடா அதிகம் விற்கும். வண்டி ஓட்டத்தில் இருக்கும்.

பிறகு முன்ஃபோர்க்கின் வலது காலில் பச்சை மிஞ்சியிருந்த இடமெல்லாம் பார்த்தேன். தடிப்பு ஒன்றுகூட இல்லை. அங்கேயும் வைத்ததாகச் சந்திரமதி அம்மாள் உறுதியாகச் சொன்னார். ஆக, தம்பிராஜா சொன்னதில் பாதி உண்மை. ஃபோர்க் அவருடையதே.

"சும்மா இரு தம்பி," என்றார் சந்திரமதி அம்மாள். "பொட்டு இல்லன்னு உனக்கும் எனக்குந்தான் தெரியும். கொண்டுபோய்க் குடுத்தா, அதையும் வாங்கிக்கிட்டு உன்னையே கடிப்பாரு."

"தெரிஞ்சும் வச்சிருந்தா அதுக்குப் பேருதான் திருட்டு அக்கா."

அவர் சட்டையை மடித்து முடித்தார். "அப்ப குடு. ரசீது வாங்காம குடுக்காத."

ஆகஸ்ட் 4, ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு ஃபோர்க்கைச் சைக்கிளில் கட்டி எடுத்துச் சென்றேன். தம்பிராஜா பசியாறிவிட்டு வாசலில் நின்றிருந்தார். ஃபோர்க்கை வாங்கித் தழும்பைத் தடவிப் பார்த்துச் சுவரோரம் சாய்த்துவைத்தார்.

"கடைசியில நீயே ஒத்துக்கிட்ட. கூட்டத்துல என்னா குதி குதிச்ச?"

திருடவில்லை என்றுதான் குதித்தேன், பாகம் மாறிப்போயிற்று என்றேன்.

"திருடுனவன்தான் திருப்பிக் குடுப்பான். திருடாதவன் எதுக்குக் குடுக்கணும்?"

அவருடைய வண்டி தகரக் கொட்டகையில் நின்றது. காலை வெயில் பக்கவாட்டில் விழுந்தது. அதன் முன்ஃபோர்க்கின் கறுப்புப் பூச்சில், ஒவ்வொரு காலிலும் மும்மூன்று தடிப்புகள்.

"ஒன்னு கேக்கலாங்களா? உங்க ஃபோர்க்க நான் திருடியிருந்தா, இந்த வண்டி பதினோரு வருசமா எந்த ஃபோர்க்குல ஓடுச்சு?"

அவர் தம் வண்டியைத் திரும்பிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"அது என் வண்டியில இருக்கு. என் வண்டியில இருக்கிறது என்னுது."

ஒரு தடிப்பை மட்டும் சுரண்டிக் காட்ட அனுமதி கேட்டேன். கத்தியோடு வந்திருக்கிறாயா என்று கேட்டு என்னை வெளியே போகச் சொன்னார். ரசீதிலும் கையெழுத்திடவில்லை. ஃபோர்க் இறங்கியதைப் பார்த்த அவர் டிரைவர் காசிம், அந்த அளவுக்கு மட்டும் சாட்சியாக மலாய் மொழியின் ஜாவி எழுத்தில் கையெழுத்திட்டார். அந்தத் தாளும் என்னிடம் உள்ளது.

செயலாளரிடம் சென்று சொன்னேன். ஊர்வலம் நல்லபடியாக முடியட்டும், பிறகு உட்கார்ந்து பேசலாம் என்று பொன்னுதுரை தோளில் தட்டினார். நாடு விடுதலை பெறும் மாதத்தில் ஒரு ஃபோர்க்குக்காகச் சண்டையா என்றும் கேட்டார். விடுதலை நாளன்று ஒரு மனிதன் கூட்டக் குறிப்பில் திருடனாக இருப்பது குழுவுக்குச் சம்மதமா என்று நான் கேட்டேன்.

இன்றைய நிலை இது. தம்பிராஜாவிடம் இரண்டு முன்ஃபோர்க்குகள் இருக்கின்றன. சந்திரமதி அம்மாளிடம் ஒன்றுமில்லை. அவர் வண்டி புதுப் பச்சையில், மூக்கை மரப்பெட்டியின் மேல் வைத்துக்கொண்டு நிற்கிறது. எனக்கு வேலை இல்லை. ஒரு வண்டிக்கு ஒரு முன்ஃபோர்க்தான் உண்டு என்பதைக் குழுவினர் எவரும் மறுக்கமாட்டார்கள்.

ஆகவே நான் கேட்பது: திரு. தம்பிராஜா தம்மிடமுள்ள இரண்டில் எது தம்முடையது என்று குறிப்பிட வேண்டும். சுவரோரம் இருப்பதுதான் என்றால், வண்டியில் உள்ளதைச் சந்திரமதி அம்மாளிடம் ஒப்படைக்க வேண்டும். வண்டியில் உள்ளதுதான் என்றால், நான் அவருடையது எதையும் எடுக்கவில்லை என்றாகும். சுவரோரம் இருப்பதைத் திருப்பித் தர வேண்டும். எதைச் சொன்னாலும், ஜூலை 21ஆம் தேதிக் குறிப்பிலிருந்து 'திருட்டு' என்ற சொல்லைக் குழு நீக்கி, நீக்கியதன் நகலை என் தௌக்கேயிடம் தர வேண்டும். பொட்டுகளில் ஐயம் இருந்தால் குழுவினர் முன்னிலையில் சுரண்டிப் பார்க்கலாம். கத்தியை அவர்களே கொண்டுவரட்டும்.

வாய்மொழிப் பதிலை ஏற்கமாட்டேன். திரு. தம்பிராஜாவும் செயலாளரும் தனித்தனியே, தேதியும் கையெழுத்தும் இட்டு, 1957 ஆகஸ்ட் 19, திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்குள் எனக்கு எழுத்துமூலம் பதில் தரவேண்டும்.